இடைவெளி தந்த இடர்

முதுநிலை இயற்பியல் மாணவன் ஒருவன்

சென்ற ஆண்டு நம் சங்க மலரின் 17-ஆம் பக்கத்தைப் படித்தவர்கள் சிரித்தார்கள். விடுதி மெஸ்ஸில் சிரித்தார்கள். நூலகப் படிக்கட்டில் நின்று சிரித்தார்கள். ஊரிலிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் படமெடுத்து அனுப்பிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "எங்கள் குடியிருப்பில் தமிழர் கள் நிறைய உண்டு" என்று அங்கே அச்சாகியிருந்தது. தமிழர் கள் நிறைய உண்டு என்றால் எவர்தாம் சிரிக்காமல் இருப்பார்?

அதை எழுதியவர் முதலாண்டு மாணவி. குஜராத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் ஒரு நாளும் தமிழ் படித்தவரல்லர். பதினைந்து வயதுக்குமேல் தம் தாயாரிடம் எழுத்துக் கூட்டக் கற்று, இங்கு வந்த பிறகு நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து, நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதித் தந்தார். அவர் தமிழில் எழுதிய முதல் கட்டுரை அது. மலர் வெளிவந்த மறுவாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "வெளி மாநிலத்தில் வளர்ந்த பெண், பாவம், கள்ளுக்கும் விகுதிக்கும் வேற்றுமை தெரியவில்லை" என்று அவர் காதுபடவே ஒருவர் இரக்கப்பட்டாராம். ஏளனத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த இரக்கத்தை எப்படித் தாங்குவது?

உண்மை என்னவென்றால், அவர் பிழையே செய்யவில்லை. அவர் அனுப்பிய கோப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் 'தமிழர்கள்' என்று ஒரே சொல்லாகத்தான் இருக்கிறது. நடுவே அந்த வெற்றிடத்தை இட்ட கை என்னுடையது.

நடந்தது இதுதான். மலரைப் பக்கம் பக்கமாக வேர்டில் அமைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பக்கத்துக்கு இரண்டு பத்தி; இரு ஓரமும் கோடு போட்டதுபோல் நிற்கவேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் விருப்பம். கணினி மொழியில் சொன்னால் 'ஜஸ்டிஃபை'. அந்த வரியில் 'எங்கள்' ஒரு கரையிலும் 'குடியிருப்பில்' மறு கரையிலும் நின்றன. நடுவே காவிரி ஓடியது. 'தமிழர்கள்' என்ற சொல் முழுதாக அந்த வரியில் அடங்காததால் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பழைய புத்தகங்களில் சொல்லை எங்கும் உடைத்து எழுதுவார்களே என்ற நினைவில், 'தமிழர்' என்பதன் பின் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினேன். 'தமிழர்' மேலே ஏறிக்கொண்டது, 'கள்' கீழே நின்றது, வரி நிரம்பிற்று, காவிரி வற்றிற்று. எனக்கு ஒரே பெருமை. அன்றிரவு, பக்கம் கூடிப்போகிறது, எழுத்தை 12 புள்ளியிலிருந்து 11 ஆக்கு என்று செய்தி வந்தது. ஆக்கினேன். வரிகளெல்லாம் இடம் மாறின. நான் இட்ட வெற்றிடம் மட்டும் இட்ட இடத்திலேயே இருந்தது. வரி முனையில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது, இப்போது வரி நடுவில் வந்து நின்றது. அச்சகத்து அன்பருக்குத் தமிழ் தெரியாது. "சப் டீக் ஹை" என்று சொல்லி அச்சேற்றிவிட்டார். அவரைக் குறை சொல்வது எப்படி? அவர் கண்ணுக்கு நம் எழுத்தெல்லாம் ஒரே கோலம்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. இதிலே என்னுடைய கட்சி ஒன்று உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. நம் மலரில் இரு ஓரமும் சமப்படுத்தும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். ஸ்பேஸ் பாரால் வரியை ஒழுங்குபடுத்தும் வழக்கத்தை அதற்கும் முன்பே கைவிடவேண்டும். இது ஏதோ அழகு பற்றிய பேச்சு என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே. தமிழில் ஒரு வெற்றிடம் பொருளையே மாற்றும் என்பதற்குக் கள்ளைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

இந்த வெற்றிடம் நமக்குப் புதிது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓலையில் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடம் விடவில்லை. புள்ளியும் பெரும்பாலும் இடமாட்டார்கள். ஓலையின் முனை வரும்வரை எழுதி, எந்த எழுத்தில் இடம் முடிந்ததோ அந்த எழுத்தில் நிறுத்தி, அடுத்த வரியில் மிச்சத்தைத் தொடர்வார்கள். படிப்பவன்தான் பிரித்துப் படித்துக்கொள்ளவேண்டும். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானது; பின்னர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் வந்தது. அச்சு பரவப் பரவத்தான் சொல்லிடைவெளியும் நிறுத்தக்குறிகளும் நம் எழுத்தில் நிலைபெற்றன.

ஈய எழுத்துக் காலத்தில் வெற்றிடம் என்பது வெறும் இடமன்று. அது ஒரு பொருள். எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டு. மை படாது, அதனால் தாளில் தெரியாது. கம்பாசிட்டர் அதை விரலால் எடுத்துச் சொற்களுக்கு நடுவே செருகுவார். ஒவ்வொரு வரியும் ஒரே நீளத்துக்கு இறுக்கமாக நிறைந்திருந்தால்தான் பக்கத்தைச் சட்டத்தில் பூட்ட முடியும். இல்லையென்றால் எழுத்துகள் கொட்டிவிடும். ஓரம் சமமில்லாமல் விடவேண்டுமென்றால்கூட வரிக் கடைசியில் பெரிய ஈயத் துண்டுகளைப் போட்டு நிரப்பியாகவேண்டும். எனவே வரியை நிரப்புவது அவர்களுக்கு அழகு மட்டுமன்று, தேவை. நமக்கு எந்தச் சட்டமும் இல்லை, பூட்டவேண்டிய ஈயமும் இல்லை. தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

கம்பாசிட்டர் ஒரு வரியை முடித்தால் அது முடிந்ததுதான். அங்கே செருகிய துண்டு அங்கேயே இருக்கும். கணினியில் எந்த வரியும் முடிவதில்லை. ஓரத்தை அரை அங்குலம் நகர்த்தினால், எழுத்துரு மாறினால், முதல் பக்கத்தில் ஒரு சொல் கூடினால், கடைசிப் பக்கம்வரை எல்லாம் மறுபடி ஓடும். ஓடும் ஆற்றில் கல் வைத்து அணை கட்டுவது போன்றதுதான் ஸ்பேஸ் பாரை வைத்து வரி கட்டுவது.

போன பொங்கல் விழா அழைப்பிதழை நினைத்துப் பாருங்கள். கீழே 'தலைவர்', 'செயலாளர்', 'பொருளாளர்' என்று மூன்று பெயர். இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அவற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கணினியில் அழகாகத்தான் இருந்திருக்கும். மற்றொருவர் தம் கணினியில் திறந்தார். அங்கே லதா எழுத்துரு இல்லை, நிர்மலா வந்தது. பொருளாளர் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டார். நம் பொருளாளர் நல்லவர், வருத்தப்படவில்லை.

இது ஏன் நடக்கிறது? தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றல்ல. 'ர' ஒல்லி, 'ண' அதைப்போல் பருமன், 'ணை' கேட்கவே வேண்டாம். எழுத்துருவுக்கு எழுத்துரு இவையும் மாறும், வெற்றிடத்தின் அகலமும் மாறும். ஆகவே, இத்தனை தட்டுத் தட்டினால் இந்த இடத்தில் வந்து நிற்கும் என்ற கணக்கே செல்லாது. அதற்கென்றே இருப்பது டேப் கட்டை. வேர்டின் மேலே ஓடும் அளவுகோலில் வேண்டிய இடத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அங்கே ஒரு நிறுத்தம் உண்டாகும். பேருந்து நிறுத்தம் போல: வண்டியில் யார் ஏறியிருந்தாலும் அது அங்கேதான் நிற்கும். இடநிறுத்தம், நடுநிறுத்தம், வலநிறுத்தம் என மூன்றும் உண்டு. பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே புள்ளி புள்ளியாக அடித்து வைக்கிறீர்களே, அதையும் வலநிறுத்தத்தோடு சேர்த்து வேர்டே இட்டுத் தரும். மூன்று கையொப்பங்களுக்கோ கோடில்லாத அட்டவணை ஒன்று போதும்; மூன்று கட்டம், மூன்று பெயர், எந்தக் கணினியிலும் அசையாது.

எங்கே யார் என்ன தட்டியிருக்கிறார்கள் என்று எப்படி அறிவது? பத்திக் குறி போட்ட ஒரு பொத்தான் வேர்டின் மேல்வரிசையில் இருக்கிறது. 'பி' எழுத்தைத் திருப்பி வைத்தாற்போல் இருக்கும். கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே. அதை அழுத்தினால் மறைந்திருந்தவையெல்லாம் வெளிப்படும். ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு சிறு புள்ளி. ஒவ்வொரு டேப்பும் ஓர் அம்பு. ஒவ்வொரு என்டரும் ஒரு பத்திக் குறி. சென்ற ஆண்டு இந்தப் பொத்தானை நான் ஒரே ஒரு முறை அழுத்தியிருந்தால் 'தமிழர்' என்பதற்கும் 'கள்' என்பதற்கும் நடுவே அந்தப் புள்ளி என்னைப் பார்த்து விழித்திருக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கி இல்லாமல் ஒரு பொருளைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். இங்கே மட்டும் கண்ணால் கண்டதே உண்மை என்று இருந்துவிட்டேன்.

இந்த ஆண்டு வந்த கட்டுரைகளை அந்தப் பொத்தானை அழுத்தியே திறந்து பார்க்கிறேன். ஒவ்வொருவர் கோப்பும் ஒவ்வொரு குணம். ஒருவர் பத்தி தொடங்க ஐந்து வெற்றிடம் தட்டுகிறார், மற்றொருவர் எட்டு. பத்திக்குப் பத்தி இரண்டு என்டர் அடிப்பவர் உண்டு, மூன்று அடிப்பவரும் உண்டு. ஒரு தம்பி புதுப்பக்கம் தொடங்க இருபத்தேழு என்டர் அடித்திருந்தார், எண்ணினேன். (கண்ட்ரோலோடு என்டர் ஒரு முறை போதும், தம்பி.) இவற்றை ஒன்றாகக் கோத்தால் மலர் ஒரு மலராக இருக்காது, பத்துப்பேர் தைத்த சட்டையாக இருக்கும்.

இதில் கட்டுரையாளர் குற்றம் பாதிதான் என்பதையும் சொல்லவேண்டும். வேர்டு பதிப்புக்குப் பதிப்புத் தன் இயல்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2003 பதிப்பில் பத்திக்குப் பின் இடைவெளி ஏதும் தானாக வராது, வரியிடைவெளியும் ஒன்று. 2007-இல் பத்திக்குப் பின் 10 புள்ளி, வரியிடைவெளி 1.15 என்று ஆக்கினார்கள். 2013-இல் 8 புள்ளி, 1.08. பழைய பழக்கத்தில் இரண்டு என்டர் அடிப்பவரின் கோப்பு புதிய பதிப்பில் இரட்டிப்பாகப் பிளந்து நிற்பது இதனால்தான். 'எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு இடைவெளி விட்டீர்கள், பக்கத்தை நிரப்பவா?' என்று ஒரு நண்பர் சண்டைக்கே வந்தார். பாராகிராஃப் பெட்டியைத் திறந்து முன், பின் என்ற இரண்டு இடங்களிலும் உள்ள எண்ணைப் பாருங்கள் என்று காட்டியபின்தான் சமாதானமானார்.

அதே பெட்டியில் தமிழுக்கென்று ஒரு கண்ணி காத்திருக்கிறது. வரியிடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்று ஒன்று உண்டு. இத்தனை புள்ளிதான், ஒரு மயிரிழை கூடாது என்பது அதன் பொருள். ஆங்கிலத்துக்குப் பொருந்தும் அளவை அங்கே வைத்துவிட்டால் நம் 'கீ', 'மீ', 'டீ' முதலியவற்றின் தலை வெட்டுப்படும். மேலே சுழியும் கீழே காலும் உடைய எழுத்து நம்முடையது. அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். 'அட் லீஸ்ட்' என்பதைத் தேர்ந்தால் தேவைக்கு ஏற்பத் தானே இடம் விடும். சுழி வெட்டுண்ட 'கீ', 'கா'வும் இல்லை, 'கி'யும் இல்லை, படிப்பவர் ஊகித்துக்கொள்ளவேண்டியதுதான். தமிழை இப்போதுதான் கற்கும் நம் தோழர்களால் எப்படி ஊகிக்க இயலும்?

இனி என் கட்சிக்கு வருகிறேன். இரு ஓரமும் சமமாக வேண்டுமா? "ஓரம் கோணலாக இருந்தால் ஏதோ துண்டறிக்கை மாதிரி இருக்கும் தம்பி, புத்தகம் மாதிரி இருக்காது" என்கிறார் நம் மூத்த ஆய்வு மாணவர் ஒருவர். அவர் சொல்லை நான் எளிதில் தட்டுபவனல்லன். "செய்தித்தாளைப் பார், எவ்வளவு குறுகிய பத்தி, இரு ஓரமும் எப்படி நிற்கிறது!" என்றும் கேட்கிறார். நல்ல கேள்வி. நானும் பார்த்தேன். அங்கே சொல்லை எழுத்துக்கு எழுத்து எங்கு வேண்டுமானாலும் உடைக்கிறார்கள். கோடு கூட இடுவதில்லை. ஓலை எழுதியவர் செய்தது போலத்தான். நம் கண்ணும் அதற்குப் பழகியிருக்கிறது. ஆனால் வேர்டு அப்படி உடைக்காது. வெற்றிடம் கண்ட இடத்தில்தான் வரியை மடக்கும். ஹைஃபனேஷன் என்ற வசதியை இயக்கிப் பார்த்தேன். ஆங்கிலச் சொல்லைப் பிளந்தது, தமிழ்ச் சொல்லை என் கணினியில் தொடவே இல்லை.

நம் சொற்களின் நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பல சொல்லாகப் பிரியும் ஒன்றை நாம் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே மூச்சில் எழுதுகிறோம். பெயரோடு வேற்றுமையும், வினையோடு காலமும் பாலும் எண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று சொல், சில வரியில் இரண்டே சொல். மூன்று சொல்லுக்கு நடுவே இரண்டு வெற்றிடம். மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் அந்த இரண்டுமே சுமக்கவேண்டும். ஆங்கில வரியில் எட்டுப் பத்து வெற்றிடம் பகிர்ந்து சுமக்கும் சுமையை இங்கே இரண்டு தாங்குகின்றன. அதனால்தான் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கண்டவன் கை ஸ்பேஸ் பாரைத் தேடுகிறது. என் கை தேடியதும் அப்படித்தான். ஆகவே என் பிழைக்குக் காரணத்தைத் தேடிக்கொண்டு போனால் ஸ்பேஸ் பாரில் நிற்காமல் ஜஸ்டிஃபையில் போய் முடிகிறது.

அதே ஜஸ்டிஃபைக்கு ஒரு தங்கையும் உண்டு. பத்திக்குள்ளே வரியை மடக்க ஷிப்டோடு என்டர் அடிப்பார்கள் சிலர். வாட்சாப்பிலிருந்து ஒட்டும்போதும் இந்த மடக்குகள் கூடவே வந்துவிடுகின்றன. வேர்டைப் பொறுத்தவரை அது பத்தியின் முடிவன்று. பத்தியின் கடைசி வரியை மட்டுமே அது சும்மா விடும்; மடக்கிய வரியை இழுத்து ஓரம்வரை நீட்டிவிடும். சென்ற மலரின் கவிதைப் பக்கத்தில் 'அம்மா' இடக்கோடியிலும் 'வா' வலக்கோடியிலும் நின்றது நினைவிருக்கிறதா? புதுக்கவிதை உத்தி என்று சிலர் பாராட்டினார்கள். எழுதியவர் மறுக்கவில்லை.

இதைத் தீர்க்க, தேடி மாற்றும் பெட்டியில் தொப்பிக் குறியும் ஆங்கில 'எல்' எழுத்தும் இட்டு, அதற்குப் பதில் தொப்பிக் குறியும் 'பி'யும் இட்டால் மடக்குகள் எல்லாம் உண்மையான பத்தி முடிவாக மாறும். இரட்டை வெற்றிடத்தைத் தேடி ஒற்றையாக்குவதும் அதே பெட்டியில்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டவேண்டும். ஆனால் கவிதையில் இதை ஓட்டுமுன் கவிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்கு நடுவே வேண்டுமென்றே இடம் விட்டவர் இருப்பார். ஒரு பிழையைத் திருத்தப் போய் ஒன்பது பிழை செய்தவன் சொல்கிறேன்.

இயற்பியல் படிக்கும் எனக்கு இதில் ஒரு சுவையும் உண்டு, சிறிது பொறுத்தருள்க. டொனால்ட் குனுத் என்னும் கணினி அறிஞர், தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படியைப் பார்த்து மனம் நொந்து, 1977-இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை வடிவமைக்கத் தொடங்கினார். நம்மிற் பலர் ஆய்வேடு எழுதும் லேடெக்கின் தாய் அதுதான். 1981-இல் அவரும் மைக்கேல் பிளாஸும் பத்தியை வரிகளாகப் பிரிப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாதாரண நிரல் வரிக்கு வரி பார்க்கும்: இந்த வரியில் எத்தனை சொல் அடங்குமோ அடக்கு, மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளு. டெக் அப்படிச் செய்யாது. பத்தி முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு வரியின் இழுவையையும் ஒரு குறைபாட்டு எண்ணாகக் கணக்கிட்டு, மொத்தக் கூட்டு எந்தப் பிரிப்பில் குறைவாக வருகிறதோ அதைத் தேர்கிறது. மேல் வரியில் சிறிது விட்டுக்கொடுத்துக் கீழ் வரியைக் காப்பாற்றும். சிறுமக் கணக்கு என்று நாம் வகுப்பில் போடுகிறோமே, அதுதான். டெக்குக்கென்று தமிழ்ச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்னும் விதித்தொகுப்பும் இருக்கிறது. மலரை அதிலேயே அமைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அமைக்கலாம், நான் ஆயத்தம். ஆனால் நான் படித்து முடித்துப் போனபின் வரும் ஆசிரியர் குழுவில் தமிழ் இலக்கியம் பயில்பவரும் வணிகவியல் பயில்பவரும் இருப்பார்கள். அவர்கள் கையில் இருக்கப்போவது வேர்டுதான். எனவே வேர்டில் எது சரியாக நிற்குமோ அதைச் செய்வதே முறை. இட ஓரம் நேராகவும் வல ஓரம் தன் போக்கிலும் இருக்கட்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கும், கண்ணுக்கு இதம், கை ஸ்பேஸ் பாரைத் தேடாது.

மூத்தவர் மனம் இளகாவிட்டால் ஒரு சமரசமும் உண்டு. இரண்டு பத்தியை ஒரு பத்தியாக்கி வரியை நீட்டினால் ஜஸ்டிஃபையின் கொடுமை பெரிதும் குறையும். தப்பித் தவறி ஒரு சொல்லை உடைத்தே தீரவேண்டுமென்றால், கண்ட்ரோலோடு சிறுகோட்டை அழுத்துங்கள். அது வரி முனையில் வந்தால் மட்டுமே கோடாகத் தெரியும். சொல் வரி நடுவுக்கு நகர்ந்துவிட்டால் மறைந்துவிடும். நான் சென்ற ஆண்டு தேடியது இதைத்தான். இருப்பதே தெரியாமல் இருந்தது. இதற்கு நேர்மாறானதும் ஒன்று உண்டு: கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டோடும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பிரியாத வெற்றிடம் கிடைக்கும். 'உ. வே. சாமிநாதையர்' என்னும்போது 'உ.' ஒரு வரியிலும் மற்றது அடுத்த வரியிலும் போகாது. '25' மேலேயும் 'கிலோ' கீழேயும் தொங்காது.

அச்சகத்தைப் பற்றி ஒரு சொல். வேர்டில் எல்லாம் சரியாக இருந்தும் அச்சகத்தில் இன்டிசைனில் ஒட்டும்போது 'கெ' என்பது கொம்பும் எழுத்தும் இடம் மாறிக் குலைந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். அதில் இந்திய எழுத்துகளுக்கென்று 'வேர்ல்டு ரெடி' என்று ஓர் அமைப்பு 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைத் தேர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் குலைந்திருப்பதே அவருக்குத் தெரியாதே! ஆகவே நாமே பிடிஎஃப் செய்து கொடுப்பது நலம். அச்சேறுமுன் வரும் கடைசிப் படியைத் தமிழ் அறிந்த ஒருவர் அங்கேயே உட்கார்ந்து படிப்பது அதனினும் நலம். பேருந்துச் செலவைச் சங்கம் தரவேண்டும். கட்டுரை எழுதியவருக்கு அவருடைய பக்கத்தை அச்சுக்கு முன் ஒரு முறை காட்டுவதை விதியாகவே ஆக்கவேண்டும். சென்ற ஆண்டு காட்டியிருந்தால் அந்தத் தங்கை ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். தாம் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் அவருக்கு மனப்பாடம்.

"கருத்துத்தானே முக்கியம், இடைவெளிக்கு இத்தனை பக்கமா?" என்று கேட்பவர் இருக்கிறார்கள். தமிழகத்தில் படித்து வந்தவர்கள் அப்படிக் கேட்கலாம். அவர்கள் கட்டுரையில் 'தமிழர் கள்' என்று வந்தால் 'அச்சுப் பிழை' என்பார்கள். அதே பிழை எங்களைப் போன்றவர் கட்டுரையில் வந்தால் 'தமிழ் தெரியாதவர்' என்பார்கள். எங்களை என்று சொல்கிறேன். ஏனெனில் நானும் ஒன்பது வயதில் தென்காசியை விட்டு, இரயில்வேயில் பணிபுரிந்த தந்தையாரோடு நாகபுரிக்கு வந்தவன். அங்கே மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தேர்வு எழுதினேன். தமிழை விட்டுவிடாமல் இருந்தது பாட்டிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று அம்மா வற்புறுத்தியதால்தான். இன்று 23 வயதிலும் ஒரு பக்கம் எழுதி முடித்தால், எங்கே ஒற்று விட்டுப்போயிற்றோ என்று நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்போடு ஒருவர் நான்கு பக்கம் எழுதித் தருகிறார். அதில் அவர் செய்யாத பிழையை நாம் சேர்த்து, அவர் பெயரையும் கீழே போட்டு, முந்நூறு படி அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கிறோம்.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன். மலர் வெளிவந்து ஒரு மாதம் கழித்து, அதுவே தாமதம். கோப்பைத் திறந்து, பத்திக் குறிப் பொத்தானை அழுத்தி, அவருடைய படியில் புள்ளி இல்லை, என்னுடைய படியில் புள்ளி இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் சரியாத்தான் எழுதியிருந்தேனா, அண்ணா?" என்றார். ஆம் என்றேன். "இத எல்லார்கிட்டயும் சொல்வீங்களா?" என்றார்.

சொல்கிறேன் என்று வாக்களித்தேன். இந்த ஆண்டு கட்டுரை தருவாரா என்று கேட்கும் துணிவு அன்று எனக்கு வரவில்லை.

மலருக்குக் கட்டுரை அனுப்புவோர் வெற்றிடம் தட்டி அழகுபடுத்தாமல், பத்திக்கு ஓர் என்டரோடு, இட ஓரம் நேராக அனுப்பினால் போதும். மிச்சத்தை ஸ்டைல் வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் சங்க அறையில் கணினியோடு இருப்பேன். ஐயமுள்ளவர்கள் வரலாம், ஜஸ்டிஃபைக்காக வாதாட விரும்புபவர்களும் வரலாம்.

பிழை திருத்தம்: சென்ற ஆண்டு மலர், பக்கம் 17, வலப்பத்தியில் 'தமிழர் கள்' என்றிருப்பதைத் 'தமிழர்கள்' என்று திருத்திப் படிக்கவும். பிழை பக்கம் அமைத்தவருடையது, கட்டுரையாளருடையதன்று.